விரத மாதத்தில் ஊதச் சொன்னது

அந்தக் கருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நாள் முதல் என்னால் ஓரிடத்தில் நிலையாக உட்கார முடிந்ததில்லை. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கைப்பேசி அளவுதான். தலைப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மூச்சை நன்றாக இழுத்து, அது சத்தம் கொடுக்கும்வரை விடாமல் ஊத வேண்டும். குடித்திருந்தால் எண் ஏறும். குடிக்காவிட்டால் பூஜ்யம்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விமானம் தரையில் நிற்கும் நேரத்தில் அதற்கு வேண்டிய வேலைகளைச் செய்யும் நிறுவனம் எங்களுடையது. பெட்டிகளை ஏற்றுவது, இறக்குவது, படிக்கட்டு வைப்பது, புறப்படும் விமானத்தை டிராக்டரால் பின்னுக்குத் தள்ளிவிடுவது. எங்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம், தொழிலாளர்களுக்கு மதுச் சோதனை நடத்தும் ஏற்பாடு இருந்தால்தான் ஒப்பந்தம் தொடரும் என்று சொல்லிவிட்டது. எங்கள் பாதுகாப்புப் பிரிவின் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. எல்லாருக்கும் அவர் மேடம்தான். மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீ நல்லா எழுதுறே லா, நீயே செய்" என்று எங்கள் ஊர் 'லா' போட்டு ஆங்கிலத்தில் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவனும் பல்கலைக்கழகத்துக்குப் போனவனும் நான் ஒருவன்தான். அப்பா அக்கரையில் பட்டர்வொர்த்தில் லாரிக்குச் சாமான் ஏற்றுகிறவர். அம்மா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். யாராவது கேட்டால் அப்பா என் வேலையை "ஏர்போர்ட்ல எழுதுற வேலை" என்று சொல்வார். அதில் பிழையில்லை. பல மாதங்கள் நான் அந்தத் திட்டத்தை எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பெயர்களை யார் தேர்ந்தெடுப்பது? மனிதர் தேர்ந்தெடுத்தால் பகை வரும், எனவே கணினி. யாரையெல்லாம் சேர்ப்பது? மேடத்திலிருந்து கழிப்பறை கழுவுகிறவர்வரை எல்லாரையும். எண் ஏறினால் என்ன செய்வது? முதல் முறை ஓடுதளப் பக்கம் போகும் அனுமதி அட்டையைப் பறிப்பது, குடிப்பழக்க ஆலோசனைக்கு அனுப்புவது, பிறகு மறுசோதனை வைத்துத் திரும்ப எடுப்பது. இரண்டாம் முறை என்றால் வேலை போகும்.

இன்னொன்றும் எழுதினேன். ஊத மறுப்பவர் குடித்திருந்ததாகவே கொள்ளப்படுவார். அந்த வரி இல்லாவிட்டால் மொத்தத் திட்டமும் வீண். குடித்துவிட்டு வருகிறவன் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹாயாகப் போய்விடுவான். உலகத்தில் எல்லா விமான நிலையங்களிலும் இதுதான் விதி. அதை எழுதி முடித்த அன்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பிறகு தொழிலாளர்களுக்கு விளக்கம் சொல்ல ஓய்வறைக்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்த வரவேற்பை எந்த வழிகாட்டியிலும் படித்திருக்கவில்லை.

"தம்பி, வாய் நாறுச்சுன்னா அதுக்கும் மார்க் போடுமா?"

"டேய், உனக்கு மெஷினே வேணாம்டா, பத்தடி தள்ளி நின்னாலே தெரியும்!"

சிரிப்பு அடங்கியதும் ஓர் அக்கா எழுந்தார். சரக்குப் பிரிவில் கிளார்க், எங்கள் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி. அவர் எழுந்தால் மேடமே நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்வார்.

"ஒரு கேள்வி. மலாய்க்காரங்க குடிக்கிறதில்ல. குடிக்கிற பெரியாளுங்க மேல ஏசி ரூம்ல இருக்காங்க, வண்டி ஓட்டப் போறதில்ல. அப்ப இந்த மெஷின்ல யார் மாட்டப் போறா? நம்ம ஆளுங்கதானே லா?"

"கணினி எல்லாரையும் எடுக்கும்க்கா. பேரு, இனம் எதுவும் பாக்காது."

"எடுக்கும், எடுக்கும். ஒரு தமிழன் மாட்டட்டும், அப்பறம் பாரு, வாட்ஸப்ல என்னா ஓடுதுன்னு. படிச்சு வந்து நம்ம ஆளுங்க வாயை மோந்து பாக்கத்தான் உன்னை வச்சிருக்காங்க."

அது சுருக்கென்று பட்டது. மோட்டார் சைக்கிளில் நாங்கள் குடியிருக்கும் சுங்கை பினாங் வரும்வரை வழியெல்லாம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பதிலும் எனக்கே திருப்தியாக இல்லை. முதல் நாளே எங்கள் ஆள் ஒருவர் சிக்கினால் அக்கா சொன்னதுதான் நடக்கும். திட்டம் நியாயமானது என்று யாரும் நம்பப்போவதில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் பாதிக்கு மேல் இந்துக்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அங்கே என்ன நடக்கும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். கீழே காப்பிக்கடையில் சாயங்காலம் பீர் பாட்டில்களோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் எல்லாம் காணாமல் போய்விடுவார்கள். விரதம். கறி இல்லை, மீன் இல்லை, தண்ணி இல்லை. கடைக்காரர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்த வாரங்களில் சோதனையைத் தொடங்கினால்? எங்கள் ஆட்களில் யார் ஊதினாலும் பூஜ்யம்தான் வரும். முதல் முடிவுகள் சுத்தமாக இருக்கும். வாயாடிகள் எல்லாருடைய வாயும் அடைபடும்.

மேடத்திடம், "புது வருசம், புதுத் திட்டம், ஜனவரியிலேயே தொடங்கலாம்" என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. அக்காவிடம் மட்டும் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். அன்றுதான் அவர் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார்.

"அடப்பாவி, மூளைக்காரன்தான் நீ."

முதல் நாள் காலை. ஓய்வறைக்குப் பக்கத்திலுள்ள சின்ன அறையில் மேசை, நாற்காலி, கருவி, உறை பிரிக்காத குழாய்கள். கணினி சில பெயர்களைக் கொடுத்தது. முதலில் வந்தவர் ஒரு மலாய் நண்பர். பூஜ்யம். அடுத்தவர் அலுவலகத்துச் சீனப் பெண். பூஜ்யம். மூன்றாவது பெயரைப் பார்த்ததும், இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார் என்று மனம் குளிர்ந்தது.

அவர் டிராக்டர் ஓட்டும் அண்ணன். விமானத்தின் முன்சக்கரத்தோடு இரும்புத் தண்டை மாட்டி, அத்தனை பெரிய உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார். எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு மாடி கீழே குடியிருப்பவர். அவர் மனைவியும் என் அம்மாவும் ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் ஒரே இருக்கையில் போகிறவர்கள். சாதாரண நாட்களில் அவர் குடிப்பார். அதை ஒளித்ததும் இல்லை. ஆனால் வேலைக்குக் குடித்துவிட்டு வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அந்த வருடம் மகள் தாதிப் படிப்பை முடித்ததற்காகக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஓய்வறை அலமாரியில் அவருடைய எவர்சில்வர் டம்ளரும் சாப்பாட்டுக் கேரியரும் தனியாக இருக்கும். மலாய் நண்பர்கள்கூட அவற்றைத் தொடமாட்டார்கள்.

அவர் வந்து வாசலருகிலேயே நின்றார். பாதுகாப்பு மேலங்கிக்குள் உருத்திராட்சம் தெரிந்தது.

"உக்காருங்கண்ணே."

"எதுக்கு?"

"ஊதணும். கம்ப்யூட்டர்ல உங்க பேரு வந்திருக்கு."

"நான் விரதம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு செகண்டு வேலைண்ணே. ஜீரோ வரும், போயிடலாம்."

"ஜீரோதான் வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"அப்பறம் எதுக்கு ஊதணும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இருபது பக்கத்துக்கு எழுதியே வைத்திருந்தேன். வாயில்தான் வரவில்லை. குழாயை எடுத்துக் காட்டி, இது புதியது, உறையே பிரிக்கவில்லை, யாரும் வாய் வைக்கவில்லை என்றேன்.

"குழாய் புதுசு. மெஷினு? எனக்கு முந்தி ஊதுனவன் காலையில என்னா தின்னுட்டு வந்தானோ, அந்தக் காத்து உள்ளதானே இருக்கு? வீட்டுல பொண்டாட்டி குடிக்கிற டம்ளரையே நான் தொடுறதில்லடா தம்பி."

"காத்து வெளிய போயிடும்ணே. ஒவ்வொரு தடவையும் அதுவே சுத்தம் பண்ணிக்கும்."

அவர் கருவியை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, எச்சிலை விடு. அது கெடக்கட்டும். குடிக்கமாட்டேன்னு நான் முருகன்கிட்ட சொல்லிருக்கேன். உன்கிட்ட இல்ல, கம்பெனிகிட்ட இல்ல. இப்ப நான் இதுல ஊதுனா என்னா அர்த்தம்? சாமிகிட்ட சொன்ன பேச்சுக்கு மெஷின் சாட்சி சொல்லணும்னு அர்த்தம். சாதாரண நாள்ல கூப்பிடு, பத்துத் தடவைகூட ஊதுறேன். இப்ப மாட்டேன்."

அறிவிப்பு கொடுத்த அரை மணி நேரத்துக்குள் ஊதாவிட்டால் மறுப்பு. அதுவும் நான் எழுதியதுதான். அறைக்கு வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போய் அக்காவுக்குப் போன் அடித்தேன். சரக்குப் பிரிவிலிருந்து ஓடியே வந்தார். வந்தவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தால், நேராக அண்ணனிடம் போனார்.

"அண்ணே, ஊதித் தொலைங்க. தோசம்னா மலைக்குப் போறதுக்கு முந்தி இன்னொரு முழுக்குப் போட்டுக்கலாம்."

"தங்கச்சி, நீ யூனியனா, கம்பெனியா?"

"ரெண்டும் இல்ல. நாளைக்கு உங்க வீட்டு அண்ணி மூஞ்சியை நான் பாக்கணும், அதுக்குச் சொல்றேன். இவன் எழுதி வச்சிருக்கான், ஊதலன்னா குடிச்ச மாதிரின்னு. படிச்சுப் பாத்தீங்களா?"

"குடிச்ச மாதிரியா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "அப்படியா தம்பி எழுதிருக்கே?"

மேடமும் வந்துவிட்டார். விரதம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவர், தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் வாங்கிக் குடித்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

"அவர் குடிக்கலன்னு எனக்கும் தெரியும். ஆனா அடுத்த மாசம் நிஜமாவே குடிச்ச ஒருத்தன் வந்து, நானும் விரதம்னு சொல்லுவான். அவனை என்ன செய்யறது? வரியை எழுதினவன் நீ. நீயே சொல்லு."

அவர் கேட்டது நியாயம். அண்ணன் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், அவருடைய டிராக்டரை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது. அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்ததும், நான் வாய் திறக்கும் முன்னால், கழுத்திலிருந்த அனுமதி அட்டையை அவரே கழற்றி மேசைமேல் வைத்தார். டம்ளரையும் கேரியரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா சொன்னதுபோல் வாட்ஸப்பில் ஓடியது. முதல் நாளே ஒரு தமிழன். அதுவும் காவடி எடுக்கிறவன். எங்கள் ஆட்களே எழுதியிருந்தார்கள்: 'விரதத்துலயே அடிச்சிருக்காரு போல.'

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினார்.

"கீழ்வீட்டக்கா இன்னைக்கு பஸ்ல எம் பக்கத்துல உக்காரல. பின்னால போயிட்டாங்க."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவரு குடிச்சிருந்தாராடா?"

"இல்லம்மா."

"அப்பறம் என்னாத்துக்கு நிப்பாட்டுனீங்க?"

அம்மாவுக்கு விளக்க முயன்றேன். ஊத மறுத்தால் எல்லா இடத்திலும் அப்படித்தான், இல்லாவிட்டால் எல்லாரும் மறுப்பார்கள், விமானத்தில் இருக்கிறவர்களின் உயிர் என்று என்னவெல்லாமோ சொன்னேன். ஆங்கிலத்தில் அத்தனை சீராக நின்ற அந்த வரி, தமிழில் அம்மாவிடம் சொல்லும்போது ஒரு பொய்யைப் போலக் கேட்டது. குடிக்காதவரைக் குடித்ததாக வைத்துக்கொள்வோம் என்றுதானே அதற்கு அர்த்தம்.

"என்னாமோ போ" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

விசாரணை நடந்தது. அக்கா மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். சமய நோன்பைப் பற்றித் திட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, யாரும் யோசிக்கவில்லை, யோசிக்காதது தொழிலாளியின் குற்றமா என்று கேட்டார். மேடம் கேட்டுக்கொண்டார். முடிவு மாறவில்லை: முதல் மீறல். சம்பளம் பிடிக்க மாட்டார்கள். ஆலோசனைக்குப் போக வேண்டும். மறுசோதனையில் பூஜ்யம் வந்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் அது இரண்டாவது மீறல், வேலை போகும்.

"அவர் கோயில் வேலையை நிம்மதியா முடிக்கட்டும்" என்று மேடம் நாட்காட்டியைப் புரட்டினார். தைப்பூச விடுமுறையெல்லாம் கழிந்து ஒரு நாளைக் காட்டி, "இந்தக் காலையில் வரச் சொல்லு. விரதமும் முடிஞ்சிருக்கும், ஊதறதுக்கு அவருக்கும் தடை ஒண்ணும் இல்ல" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தத் தேதிக்கு முந்தின நாள் என்னான்னு தெரியுமா உனக்கு?"

"என்னாக்கா?"

"இடும்பன் பூசைடா, மடையா."

எனக்குப் புரியவில்லை. கத்தோலிக்கன் அல்லவா. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். காவடி எடுத்தவர்கள் தைப்பூசத்துக்கு அடுத்து வரும் இடும்பன் பூசையோடுதான் விரதத்தை முடிப்பார்கள். இடும்பனுக்குக் கறி, மீன், சுருட்டு, பாட்டில் எல்லாம் படையல் வைப்பார்கள். பூசை முடிந்ததும் கூட்டாளிகள் கூடி, இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தவருக்கு முதல் கிளாஸை அவர்களே ஊற்றிக் கொடுப்பார்கள். அதுதான் வழக்கம். விடிய விடிய நடக்கும். மறுநாள் காலை ஊதினால் என்ன வரும்?

"குடிக்காத மாசத்துல குடிச்சான்னு எழுதிட்டீங்க. இப்ப குடிக்கிற நாளாப் பாத்து ஊதச் சொல்றீங்க. நல்லா இருக்குடா உங்க திட்டம்."

அன்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. தேதியை இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்லலாம். மேடம் ஏன் என்று கேட்பார். முந்தின இரவு அவர் குடிப்பார் என்று நான் சொல்ல வேண்டும். குடிக்காதவர் என்று இத்தனை நாள் அவருக்காகப் பேசிவிட்டு, நானே போய் அவரைக் குடிகாரர் என்று சொல்வதா? சொல்லாமலே விட்டால் அவர் வேலை போய்விடும். மேடத்தின் அறை வாசல்வரை பல முறை போனேன். ஒருமுறை கதவைத் தட்டியும் விட்டேன். அவர் நிமிர்ந்ததும், ஏர்கான் சத்தம் போடுகிறது என்று எதையோ சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் அண்ணனே எதிரே வந்தார். வெறுங்காலோடு, கையில் பூப்பொட்டலத்தோடு. ஒதுங்கி வழி விட்டேன். அவர் போகாமல் நின்றார்.

"ஆலோசனைக்குப் போயிட்டு வந்தேன். டாக்டரம்மா கேக்குது, கடைசியா எப்ப குடிச்சீங்கன்னு. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன், ஞாபகமே வரல. அந்தம்மா நம்பல." அவர் கண்ணில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

"அண்ணே, அந்தத் தேதி..."

"தெரியும். தங்கச்சி போன் போட்டுக் கத்துச்சு."

"தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"சொல்லாதே." பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சொன்னேன்னு வையி, அப்பத்தான் நான் உன்கூடப் பேசமாட்டேன்."

அவர் இறங்கிப் போய்விட்டார். குடிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குடிப்பேன் என்றும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று நானும் கூட்டத்தோடு கூட்டமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். வழக்கமாக நண்பர்களோடு பந்தல் பந்தலாகச் சாப்பிட்டுக்கொண்டு போவேன். அன்று தனியாகப் போனேன். வெகு தூரத்தில் அவருடைய காவடி தெரிந்தது. மயிலிறகுகள் ஆட, மேளத்துக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டே வந்தார். பக்கத்தில் மகள் தண்ணீர்ப் பாத்திரத்தோடு. என்னைத் தாண்டிப் போகும்போது அவர் கண் எதையும் பார்க்கவில்லை. நான் ஏனோ ஒரு கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இடும்பன் பூசை நாள் வந்தது. இருட்டுவதற்கு முன்பே கீழ்வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வாசம் மேலே ஏறி வந்தது. ஒவ்வொரு வருடமும் யார் வீட்டில் இடும்பன் பூசை நடந்தாலும் நாங்கள் பிற மதத்துக்காரர்கள் என்று பார்க்காமல் ஒரு தட்டு வரும். அன்று அம்மா சோறு வடித்துவிட்டுக் குழம்பு வைக்காமல் உட்கார்ந்திருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. கடைசியில் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

நான் குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறு பேர், எல்லாம் எங்கள் ஓய்வறை முகங்கள். சுவரோரம் வாழையிலையில் படையல், நடுவே ஒரு பாட்டில். ஒருவர் அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிளாஸை நீட்டுங்க. எத்தனை நாள் காஞ்சு கெடந்தீங்க!"

"நாளைக்கு ஊதணும்டா அவரு!"

"ஊதட்டும் லா! மெஷினும் ஒரு நாளாவது நல்ல வாசத்தைப் பாக்கட்டும்!"

வெடிச்சிரிப்பு. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கை நீண்டது. கிளாஸுக்கா, பாட்டிலுக்கா, எதற்கென்று தெரியவில்லை. அதற்குமேல் அங்கே நிற்பது வேவு பார்ப்பதுபோல் இருந்தது. குப்பைப்பையைக் கொட்டாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பிறகு தூங்கவா முடியும்?

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. மேடம் வந்திருந்தார். அக்கா, யூனியன் சார்பில் சாட்சி என்று சொல்லி, அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார். நான் கருவியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். தாடியை எடுத்திருந்தார். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாமல் சிவந்ததா, வேறெதனாலோ சிவந்ததா? அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அண்ணன் தானே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, உறையைப் பிரித்து, குழாயைச் செருகினார்.

"எவ்வளவு நேரம் ஊதணும்?"

"சத்தம் வர்ற வரைக்கும்ணே."

ஊதினார். பாதியில் இருமல் வந்துவிட்டது. கருவி மூச்சுப் போதாது என்று காட்டியது.

"என்னா சொல்லுது?"

"இன்னொரு தடவை ஊதணும்ணே. நல்லா இழுத்து."

"விமானத்தையே தள்றேன், இதுக்கு மூச்சு பத்தலையாம்" என்று முனகிவிட்டு மறுபடி ஊதினார். இந்த முறை நீளமாக. சத்தம் வந்தது. கருவி கணக்குப் போடும் அந்தச் சில நொடிகளில் அதை மேசைமேல் வைத்துவிட்டேன். அதனால் எல்லாரும் சேர்ந்தே பார்த்தோம்.

பூஜ்யம்.

மேடம் "குட்" என்று எழுந்து அவருடைய கையைக் குலுக்கினார். அக்கா சத்தமாக ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு, யாரைத் திட்டினார் என்று சொல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அட்டையை எடுத்து நான் அண்ணனிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மேடமும் போன பிறகு கேட்டேன். "நேத்து குடிக்கவே இல்லையாண்ணே?"

"அதை மெஷின் சொல்லிருச்சே. என்னை எதுக்குக் கேக்கிறே?" கழுத்தில் அட்டையை நேராக்கிக்கொண்டு அவரே சொன்னார். "பாட்டிலை வாங்கி அவனுங்களுக்கு நானே ஊத்திக் கொடுத்தேன். எனக்குண்டானதை வீட்டுல வச்சிருக்கேன். இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு போயி குடிப்பேன். அது என் பாடு. உன் திட்டத்துல அதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லண்ணே."

"ம்." மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பினார். "அடுத்த வருசமும் விரதத்துல என் பேரு வருமா?"

"கம்ப்யூட்டர் எடுத்தா வரும்ணே. யாரையும் விட்டு வைக்க முடியாது."

"அப்பவும் ஊதமாட்டேன், சொல்லிட்டேன்."

"அப்ப அது ரெண்டாவது தடவைண்ணே. வேலை போயிடும்."

"தெரியும். ஆலோசனையில சொன்னாங்க." அவர் குரலில் கோபமில்லை, சவாலும் இல்லை. மழைக்கு மேலங்கியின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். "இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல? படிச்சவன்தானே நீ. அதுக்குள்ள ஒரு வழி பாரு."

அவர் தூறலில் இறங்கி டிராக்டரை நோக்கி நடந்தார். நான் அந்த இருபது பக்கத்தைத் திரையில் திறந்து, மறுப்பு என்ற இடத்துக்குப் போய், ஒரு வாக்கியம் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு குடிகாரன் ஒருவன் தப்பிவிடுவான். அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன். அதில் அண்ணன் மாட்டிக்கொள்வார். அதையும் அழித்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். இப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். அடுத்த தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருக்கிறது.